இடுப்பளவில் ஒரு கம்பி

வடக்கு இங்கிலாந்தில் நான் நான்கு வருடம் வேலை பார்த்த ஊர் சின்னது. ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் இருபது நிமிடத்தில் ஊரின் மறுகோடி வந்துவிடும். அந்தக் கோடியில்தான் கால்பந்து மைதானம். இங்கிலாந்தின் தொழில்முறைக் கால்பந்தில் நான்கு அடுக்குகள். ஊர் அணி நான்காவதில், மேலே ஏற முடியாமலும் கீழே விழுந்துவிடாமலும் காலம் தள்ளிக்கொண்டிருந்தது. மைதானத்தின் ஒரு பக்கம் தகரக் கூரை வேய்ந்த சிமெண்டுப் படிகள். நாற்காலி கிடையாது. படிகளுக்கு நடுவே அங்கங்கே இடுப்பளவு உயரத்தில் இரும்புக் கம்பிகள் நட்டிருக்கும். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம் என்றால் இரண்டரைக்கெல்லாம் ஆட்கள் வந்து அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார்கள்.

முதல் தடவை போனபோது காலியாகக் கிடந்த ஒரு கம்பியில் சாய்ந்துகொண்டேன். கொஞ்ச நேரத்தில் பின்னால் ஒரு பெரியவரின் குரல்: "தம்பி, அது எங்க அப்பா நின்ன இடம்." குரலில் கோபம் இல்லை. பேருந்தில் நம் சீட்டில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டவரிடம் சொல்வோமே, அந்த மாதிரி. நகர்ந்து இடம் விட்டேன். "போக வேண்டாம், பக்கத்திலேயே நில்லுங்க" என்றார். அப்பா இறந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது என்பது பிறகு தெரிந்தது. கம்பிக்கு நீல வண்ணம் அடித்திருந்தார்கள். இரண்டு இடத்தில் மட்டும் வண்ணம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. ஓர் ஆள் இரண்டு கையையும் ஊன்றிக்கொள்ளும் அகலம் அது.

அந்தப் பெரியவர் பக்கத்தில் நான்கு வருடம் நின்றிருக்கிறேன். கால்பந்து ரசிகர்கள் ஆட்டத்தை நின்றுகொண்டு பார்க்கலாமா, கையில் பீரோடு பார்க்கலாமா என்று அந்த நாட்டில் நாற்பது வருடமாக வழக்கு நடக்கிறது. எனக்கு அது சட்டப் பிரச்சினையாக முதலில் வரவில்லை. அந்தத் தேய்ந்த கம்பி வழியாகத்தான் வந்தது.

பீரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இடைவேளை பதினைந்து நிமிடம். விசில் ஊதியதும் பாதிப் பேர் கீழே இறங்குவார்கள். ஸ்டாண்டுக்கு அடியில் குழல்விளக்கு எரியும் ஒரு நீளமான இடம். ஒரு கோடியில் பீர் கவுண்டர், மறுகோடியில் கழிப்பறை. வரிசையில் நின்று பிளாஸ்டிக் கோப்பை கைக்கு வரும்போது எட்டு நிமிடம் போயிருக்கும். மேலே ஏறும் படியின் வாயில் மஞ்சள் மேல்சட்டை போட்ட ஒருவர் நிற்பார். கோப்பையோடு அவரைத் தாண்ட முடியாது. மிச்சமுள்ள ஏழு நிமிடத்தில், அரை லிட்டருக்கும் மேலான ஒரு பைண்டை நின்ற இடத்திலேயே அண்ணாந்து ஊற்றிக்கொள்ள வேண்டும். என் முன்னால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் அப்படிக் குடித்ததைப் பார்த்தேன். கஷாயம் விழுங்குகிற முகம். இருமினார், கண்ணில் நீர் வந்தது, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு படியேறினார். பத்து நிமிடத்தில் அது அவருடைய தலைக்கு ஏறியிருக்கும். ரசித்துக் குடிக்கவும் இல்லை, குடிக்காமலும் இல்லை. குடித்ததை மறைத்துவிட்டு மேலே போனார், அவ்வளவுதான்.

இதற்குக் காரணம் 1985ஆம் ஆண்டின் ஒரு சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், ஆட்டம் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரைக்கும், ஆடுகளம் கண்ணில் படுகிற எந்த இடத்திலும் ரசிகர் கையில் மது இருக்கக் கூடாது. ரசிகர்களை ஏற்றிவரும் பேருந்திலும் சிறப்பு ரயிலிலும் கூடாது. மைதானத்துக்குள் விற்கலாம், குடிக்கலாம். ஆனால் ஆட்டம் கண்ணில் படக் கூடாது. மேல்தட்டினர் உட்காரும் கண்ணாடி அறைகளுக்கு அடுத்த ஆண்டே கொஞ்சம் சலுகை கொடுத்தார்கள். ஆனால் ஆட்ட நேரத்தையொட்டி அங்கேயும் தடை உண்டு. அதனால் சில அறைகளில் இடைவேளையில் திரையை இழுத்துவிட்டு ஊற்றுவார்கள். ஆடுகளத்தையும் கோப்பையையும் ஒரே கண் ஒரே நேரத்தில் பார்த்தால் கலகம் வரும் என்று சட்டம் நினைக்கிறது.

எந்தக் கண் என்பதுதான் கேள்வி. எங்கள் ஊரிலிருந்து ஐந்து மைல் தள்ளி, தொழில்முறை அடுக்குகள் நான்குக்கும் கீழே, ஆறாவது அடுக்கில் ஆடும் ஒரு அணி இருந்தது. சட்டத்தின் பட்டியல் ஐந்தாவது அடுக்கோடு நின்றுவிடுகிறது. ஆகவே அந்த ஊர்க்காரர்கள் பைண்டைக் கையில் வைத்துக்கொண்டு கோட்டோரம் நின்று பார்ப்பார்கள். ஆனால் எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்றுக்கு அதே அணி தகுதி பெற்றால் போதும், அன்றைக்கு அதே மைதானம், அதே ஆட்கள், அதே பீர் எல்லாம் குற்றமாகிவிடும். ஹடர்ஸ்ஃபீல்டு மாதிரி சில ஊர்களில் ஒரே அரங்கில் கால்பந்தும் ரக்பி லீக்கும் நடக்கும். ரக்பி நாளில் இருக்கையில் உட்கார்ந்து குடிக்கிற மனிதர் கால்பந்து நாளில் அதே இருக்கையில் குடிக்க முடியாது. கிரிக்கெட்டுக்கு இந்தத் தடை இல்லவே இல்லை. லார்ட்ஸில் நாள் முழுக்கக் குடிக்கலாம். சட்டம் மதுவைப் பார்த்துப் பயப்படவில்லை, ஒரு குறிப்பிட்ட கூட்டத்தைப் பார்த்துப் பயப்படுகிறது. நம் சினிமாக் கொட்டகைகளில் தரை டிக்கெட் என்று சொல்வோம், கூட்டத்தின் பெயராகவும் ஆகிவிட்ட சொல். அந்தச் சொல்லை எந்தத் தொனியில் சொல்கிறோமோ அந்தத் தொனியில் அன்றைய இங்கிலாந்து கால்பந்து ரசிகர் என்று சொன்னது. ஒரு பெரிய ஞாயிறு இதழ் 1985இல் கால்பந்தைச் சேரி விளையாட்டு என்றும் பார்க்க வருபவர்களைச் சேரி மக்கள் என்றும் தலையங்கமே எழுதியது.

பயத்துக்கு முகாந்திரம் இல்லாமலில்லை. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. 1980 மே மாதம் ஸ்காட்லாந்துக் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் செல்டிக், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் ஹாம்ப்டன் பார்க் ஆடுகளத்துக்குள்ளேயே இறங்கி அடித்துக்கொண்டார்கள். அதையொட்டி அங்கே முதலில் மது நின்றது. 1985 மார்ச்சில் லூட்டன் மைதானத்தில் மில்வால் ரசிகர்கள் நாற்காலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள். அதே ஆண்டு மே மாதம் பிரஸ்ஸல்ஸின் ஹைசல் அரங்கில் லிவர்பூல் ரசிகர்கள் தடுப்பைத் தாண்டிப் பாய, யுவென்டஸ் பக்கத்து ஆட்கள் பின்வாங்கிச் சுவரோரம் நெருங்க, சுவர் சரிந்து 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் இத்தாலியர்கள். அந்தப் பழியிலிருந்து ஆங்கில ரசிகர்களுக்கு விடுதலை இல்லை. கறுப்பின ஆட்டக்காரர்கள் மேல் வாழைப்பழம் எறிந்ததும் அந்தப் படிகளில் நின்றவர்கள்தான். பழைய படிகளை நினைத்து உருகுகிறவர்கள் அங்கே கழிப்பறைக்குப் போக முடியாமல் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்ததையும், பெண்கள் அந்தப் பக்கம் வரத் தயங்கியதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பயம் என்ன செய்தது? வேலி போட்டது. ரசிகர் களத்துக்குள் இறங்காதபடி ஆளுயரத்துக்கும் மேலான கம்பிவேலி. செல்சி மைதானத்தில் 1985இல் மின்வேலியே கட்டினார்கள். நகர நிர்வாகம் அனுமதி மறுத்ததால் மின்சாரம் பாயவில்லை. மாடு மேய்க்கிறவர்கள் பயன்படுத்தும் வகை வேலி அது. அதே 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டில் மரத்தால் கட்டிய பழைய ஸ்டாண்டில் தீப்பிடித்தது. பலகைகளுக்கு அடியில் வருடக்கணக்கில் சேர்ந்திருந்த குப்பையில் பற்றிய நெருப்பு சில நிமிடத்தில் கூரையைத் தின்றது. 56 பேர் இறந்தார்கள். பின்பக்கம் தப்பி ஓடியவர்கள் பூட்டிய வாயில்களில் மாட்டிக்கொண்டார்கள். முன்பக்கம் ஓடியவர்கள் பிழைத்தார்கள், ஏனென்றால் அந்த ஸ்டாண்டின் முன்னால் வேலி இல்லை. அது இருக்கைகள் போட்ட ஸ்டாண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். உட்கார்ந்து பார்த்த மனிதர்கள் செத்தார்கள். வேலி இல்லாததால் நூற்றுக்கணக்கானோர் பிழைத்தார்கள். இந்தப் பாடம் கண்ணெதிரே எரிந்த பிறகும் மற்ற மைதானங்களில் வேலிகள் நின்றன.

நான்கு வருடம் கழித்து, 1989 ஏப்ரல் 15. ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம், லிவர்பூலும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் மோதும் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி. லெப்பிங்ஸ் லேன் பக்கத்தில் லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒதுக்கிய நிற்கும் படிகள், பக்கவாட்டிலும் முன்னாலும் வேலி கட்டிப் பட்டிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தன. பட்டி என்றேனே, ஆங்கிலத்திலும் அவற்றுக்கு ஆடு மாடு அடைக்கும் இடத்தின் பெயர்தான். போதிய நுழைவாயில்கள் இல்லாததால் வெளியே கூட்டம் கட்டியது. ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருக்கும்போது, 2.52க்கு, காவல்துறையின் உத்தரவில் ஒரு பெரிய வெளிக்கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்தவர்களுக்கு நேரே தெரிந்தது ஒரு சுரங்க வழி. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடுப் பட்டிகள் இரண்டுக்குப் போனது. பக்கத்துப் பட்டிகளில் இடம் இருந்தது. சுரங்க வழியை மூடி ஆட்களைப் பக்கவாட்டில் திருப்பிவிட அங்கே ஒருவரும் நிற்கவில்லை. 3.06க்கு நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அன்றைய காயங்களால் இறந்தவர்கள் கணக்கு இன்று 97. கடைசியாக இறந்தவர் முப்பத்திரண்டு வருடம் அந்தக் காயங்களோடு வாழ்ந்து 2021இல் போனார்.

இப்படிப்பட்ட செய்திகளை நம் செய்தித்தாள்கள் எழுதும்போது 'நெரிசலில் சிக்கி', 'மிதிபட்டு' என்ற இரண்டு சொற்களையும் ஒன்றாகவே போட்டுவிடுகிறோம். மிதிபட்டு என்றால் யாரோ ஓடினார்கள், யாரோ மிதித்தார்கள் என்று ஆகிவிடுகிறது. ஹில்ஸ்பரோவில் யாரும் ஓடவில்லை. பலர் நின்ற நிலையிலேயே இறந்தார்கள். மூச்சை உள்ளே இழுக்க வேண்டுமென்றால் விலா எலும்புக்கூடு விரிய வேண்டும். எல்லாப் பக்கமும் உடல்கள் நெருக்கும்போது அது விரிவதில்லை. வாய் திறந்திருக்கும், காற்றும் முகத்துக்கு முன்னாலேயே இருக்கும், நெஞ்சுக்கூடு மட்டும் அசையாது. பின்னால் நிற்பவர்களுக்கு முன்னால் என்ன நடக்கிறதென்று தெரியாது. முன்னால் இருப்பவர்களின் முகம் வேலியில் அழுந்திக் கிடக்கும். வேலியில் இருந்த சின்னக் கதவு மட்டும் உரிய நேரத்தில் திறந்திருந்தால் அந்த ஆட்கள் புல்வெளியில் நாலு அடி எடுத்து வைத்து மூச்சு விட்டிருப்பார்கள். கொன்றது நிற்பது அல்ல. எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணாததும், வெளியேற வழி வைக்காததும்தான் கொன்றன.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போது இன்னமும் கை நடுங்குகிறது. ரசிகர்களே கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று பொறுப்பிலிருந்த காவல் அதிகாரி அன்று பிற்பகலே சொன்னார். தாம் சொன்னது பொய் என்று அவரே 2015இல் விசாரணையில் ஒப்புக்கொண்டார். நான்காம் நாள் ஒரு பத்திரிகை, குடித்த ரசிகர்கள் பிணங்களின் பையிலிருந்து திருடினார்கள், காவலர் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று 'உண்மை' என்ற தலைப்பில் முதல் பக்கத்தில் போட்டது. லிவர்பூல் வட்டாரத்தில் அந்தப் பத்திரிகையை இன்றும் வாங்குவார் குறைவு. இறந்த எல்லோருடைய ரத்தத்திலும் மது இருக்கிறதா என்று சோதித்தார்கள். எல்லோரும் என்றால் எல்லோரும். இறந்தவர்களில் ஆகச் சின்னவனுக்குப் பத்து வயது. பத்து வயதுப் பையனின் ரத்தத்தை எடுத்து, குடித்திருந்தானா என்று பார்த்தார்கள். கொஞ்சமாவது மது காட்டிய பெரியவர்களுக்கு, அவர்கள் மேல் பழைய வழக்கு உண்டா என்று காவல்துறையின் கணினியில் தேடினார்கள். 2012இல் வெளிவந்த தனிக்குழுவின் அறிக்கை இதையெல்லாம் ஆவணங்களோடு எடுத்து வைத்தது. காவலர் வாக்குமூலங்களில் 164ஐத் திருத்தியிருந்தார்கள். மது அந்தச் சாவுகளுக்குக் காரணம் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 2016 ஏப்ரலில் ஜூரி, அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ரசிகர்கள் மேல் பிழை இல்லை என்றும் தீர்ப்புச் சொன்னது. இருபத்தேழு வருடம்.

நிற்பதும் குடிப்பதும் ஒரே மூச்சில் பேசப்படுவது இங்கிருந்துதான் வலுப்பட்டது என்று நினைக்கிறேன். நின்றான், குடித்தான், செத்தான், ஆகவே அவன் தப்பு. ஒரு பொய்யின் இரண்டு கால்கள். பொய் விழுந்த பிறகும் கால்கள் நின்றுகொண்டிருந்தன.

ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி பீட்டர் டெய்லர் 1989 ஆகஸ்டில் தந்த இடைக்கால அறிக்கையிலேயே, காவல்துறையின் கட்டுப்பாடு தவறியதுதான் முதன்மைக் காரணம் என்று எழுதிவிட்டார். நின்று பார்ப்பது தன்னளவில் ஆபத்தானது என்று அவர் சொல்லவில்லை. ஆனாலும் 1990 ஜனவரியில் தந்த இறுதி அறிக்கையில் பெரிய மைதானங்களில் எல்லோரும் உட்கார்ந்தே பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தார். 1994 ஆகஸ்டுக்குள் மேல் இரண்டு அடுக்குகளிலும் பெரும்பாலும் படிகள் போய் இருக்கைகள் வந்தன. ஆன்ஃபீல்டில் ஒரு காலத்தில் இருபத்தெட்டாயிரம் பேர் நின்று பாடிய கோப் என்ற பெரும் படிக்கட்டு, 1994 ஏப்ரல் 30 அன்று நார்விச்சோடு நடந்த ஆட்டத்தோடு முடிந்தது. அன்று லிவர்பூல் ஒரு கோலில் தோற்றது. ஆட்டம் முடிந்தும் ஜனங்கள் நகராமல் நின்றார்களாம். உட்கார்ந்தால் விலை ஏற வேண்டியதில்லை என்று டெய்லர் நம்பினார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸில் நிற்க நான்கு பவுண்டு, உட்கார ஆறு பவுண்டுதான் என்று எடுத்துக்காட்டினார். அவருடைய அறிக்கையில் இருக்கைகளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், விலையை விட்டுவிட்டார்கள். மேல் அடுக்கில் இன்று ஐம்பது பவுண்டைத் தாண்டும் டிக்கெட் ஒன்றும் அதிசயம் இல்லை. அரங்குகள் பாதுகாப்பாக ஆனது உண்மை. குடும்பத்தோடு வருகிறார்கள், பெண்கள் வருகிறார்கள், அதுவும் உண்மை. என் பெரியவரின் தெருவில் வளர்ந்த பையன்கள் பெரிய அணிகளின் ஆட்டத்தை இப்போது பப்பில் தொலைக்காட்சியில் பார்க்கிறார்கள். அதுவும் உண்மை.

தடை போட்டாலும் மனிதர்கள் நின்றார்கள் என்பதுதான் வேடிக்கை. வெளியூர் ரசிகர்களின் பகுதியைப் பார்த்தால் தொண்ணூறு நிமிடமும் யாரும் உட்கார மாட்டார்கள். இருக்கைக்கு முன்னால் நிற்பார்கள். முன்வரிசை நாற்காலியின் முதுகு முழங்காலுக்குக் கீழே வரும். கோல் விழுந்து பின்னாலிருந்து ஒருவர் சாய்ந்தால் முன்னால் நிற்பவர் குப்புற விழுவார், அவருக்கு முன்னால் இருப்பவர் மேல். நிற்கக் கூடாது என்று கட்டிய இடத்தில் நிற்பதுதான் நிற்பதிலேயே ஆபத்தானது. இதற்கு விடை ஜெர்மனியில் எப்போதோ இருந்தது. டார்ட்முண்டின் தெற்கு ஸ்டாண்டில் ஏறக்குறைய இருபத்தையாயிரம் பேர் நின்று பார்க்கிறார்கள், கையில் பீரோடு, மலிவான டிக்கெட்டில். அங்கே பல அரங்குகளில் ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பளவில் ஒரு கம்பி ஓடும். இருக்கையை மடக்கிக் கம்பிக்குள் பூட்டிவிடலாம். முன்னால் யாரும் விழ முடியாது. பின்னாலிருந்து வரும் தள்ளலும் ஒரு வரிசையோடு நின்றுவிடும். பழைய படிகளில் கூட்டம் அலையாக இறங்குமே, அந்த அலை இதில் எழும்பாது.

2016இல் கிளாஸ்கோவின் செல்டிக் இதைக் கொண்டுவந்தது. 2018இல் ஷ்ரூஸ்பரி என்ற சின்ன அணி ரசிகர்களின் பணத்தில் இங்கிலாந்தில் முதலாவதாகப் பொருத்தியது. 2022 ஜனவரி 2 அன்று செல்சி மைதானத்தில், மேல் அடுக்கில் கிட்டத்தட்ட முப்பது வருடத்துக்குப் பிறகு, மக்கள் சட்டப்படி நின்று ஆட்டம் பார்த்தார்கள். எதிரணி லிவர்பூல். பிறகு மற்ற அணிகளுக்கும் அனுமதி வந்தது. ஓர் இருக்கைக்கு ஓர் ஆள்தான் என்பது விதி. அதனால் கூட்டம் மிகாது, ஆனால் விலையும் இறங்கவில்லை. பாதி நியாயம் கிடைத்திருக்கிறது.

ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் சிலர் கடைசிவரை இதை எதிர்த்தார்கள். அவர்களோடு வாதாட எனக்கு வாய் வராது. எந்தப் பொறியாளரின் கம்பியும் அவர்களுக்கு விடையாகாது. 2017இல் லிவர்பூல் ரசிகர் சங்கமான ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி நடத்திய வாக்கெடுப்பில் மிகப் பெரும்பான்மையோர் நிற்கும் வசதியை ஆதரித்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த ஊரின் துக்கத்துக்குள்ளேயே இரண்டு குரல் இருந்தது. உயிர் பிழைத்து வந்தவர்களில் சிலருக்கு மறுபடி நிற்பது தங்கள் பெயரைத் துடைத்துக்கொள்வது மாதிரி.

ஆகவே நிற்பதைப் பொறுத்தவரை எனக்குச் சந்தேகமே இல்லை. நிற்க விடுங்கள். நின்றால்தான் அடிவயிற்றிலிருந்து குரல் எழும்பும். பாட்டுப் படிக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆயிரம் பேர் ஒன்றாகப் பாடும்போது அந்தத் தகரக் கூரை அதிர்வதை நான் கால் வழியாகக் கேட்டிருக்கிறேன். மூச்சு முட்டிச் செத்தவர்களின் நினைவாக எஞ்சியிருப்பவர்களின் மூச்சையும் உட்கார வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

குடியைப் பற்றி அதே உறுதியோடு எழுத முடியவில்லை. குடி ஒரு வீட்டை என்ன செய்யும் என்பதைத் தெருவுக்குத் தெரு பார்த்து வளர்ந்தவன் நான். லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002, 2006, 2010 உலகக் கோப்பைகளின்போது லங்காஷயர் காவல்துறைக்கு வந்த குடும்ப வன்முறைப் புகார்களை எண்ணிப் பார்த்தார்கள். இங்கிலாந்து தோற்ற நாளில் 38 சதவீதம் கூடுதல். வென்ற நாளிலும் சமன் செய்த நாளிலும்கூட 26 சதவீதம் கூடுதல். வென்றாலும் அடி. அந்த அடி மைதானத்தில் விழவில்லை. பப்பிலோ வீட்டு சோபாவிலோ உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் அடி அது, அடுப்படியில் விழுந்தது. ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் கோப்பை கூடாது என்ற சட்டத்துக்கு அந்த அடுப்படி தெரியாது. 2021 ஜூலை 11 அன்று வெம்பிளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டமும் அப்படித்தான். இரவு எட்டு மணி ஆட்டத்துக்குக் காலையிலிருந்தே தெருவில் குடி. டிக்கெட் இல்லாதவர்கள் இரண்டாயிரம் பேர் அளவில் வாயில்களை உடைத்து உள்ளே புகுந்தார்கள். மாற்றுத்திறனாளிகள் நுழையும் வழியைக்கூட விடவில்லை. லூயிஸ் கேசியின் விசாரணை, சாவு விழாமல் போனது மயிரிழையில்தான் என்ற பொருளில் எழுதியது. அன்று ரசிகர்கள் நிரபராதிகள் இல்லை. ஆனால் அவர்கள் குடித்தது இருக்கையில் உட்கார்ந்து இல்லை. 1985இன் சட்டம் அன்று முழு அமலில் இருந்தது.

அந்தத் தடை குடியைக் குறைக்கவில்லை, இடம் மாற்றியது, வேகப்படுத்தியது என்பதே நான் நான்கு வருடம் இடைவேளைகளில் பார்த்தது. மெதுவாகக் குடிப்பவனுக்கு இடமில்லை, அவசரமாகக் குடிப்பவனுக்கு மட்டும் இடம் உண்டு. 2021 நவம்பரில் டிரேசி கிரவுச் தலைமையிலான ஆய்வுக்குழு, கீழ் அடுக்குகளில் ஆடுகளத்தைப் பார்த்தபடி குடிக்க அனுமதித்துச் சோதனை செய்து பார்க்கலாம் என்று சொன்னது. எனக்கு அது சரியாகப் படுகிறது. சின்ன மைதானங்களில், எண்ணி, அளந்து. குடிக்காத குடும்பங்களுக்குத் தனிப் பகுதி வைத்து. சரிவரவில்லை என்றால் திரும்ப நிறுத்தலாம். நின்று பார்ப்பதை உரிமை என்பேன். குடியை உரிமை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரக்பி ரசிகனுக்குக் கொடுக்கிற நம்பிக்கையைக் கால்பந்து ரசிகனுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பதற்கு அவனுக்கு உரிமை உண்டு.

அந்த அவநம்பிக்கை இன்னும் சாகவில்லை. 2022 மே 28, பாரிஸ், சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். லிவர்பூல் ரசிகர்களை ஒரு குறுகிய வழியில் மணிக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். வாயில்கள் திறக்கவில்லை. குழந்தைகள் இருந்த கூட்டத்தின் மேல் கண்ணீர்ப்புகை வீசினார்கள். அன்று இரவே தாமதமாக வந்த ரசிகர்கள், போலி டிக்கெட் ரசிகர்கள் என்று பேச்சு கிளம்பியது. ஹில்ஸ்பரோவில் உயிர் பிழைத்த சிலர் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார்கள். முன்னால் தள்ளாதீர்கள் என்று பின்னால் திரும்பிச் சொல்லியபடி நின்றார்கள். 2023 பிப்ரவரியில் தனி விசாரணை, முதன்மைப் பொறுப்பு போட்டியை நடத்திய யூஇஎஃப்ஏவுக்கே என்றது. கூட்டம் பேரழிவாகாமல் தப்பியதற்கு ரசிகர்கள் பொறுமையாக நடந்துகொண்டதே பெரிய காரணம்.

ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய மாதம் கடைசியாக ஓர் ஆட்டத்துக்குப் போனேன். பெரியவருக்கு முழங்காலில் அறுவை ஆகியிருந்தது. இரண்டு மணி நேரம் நிற்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால் எதிர்ப்பக்கத்து இருக்கை ஸ்டாண்டில் டிக்கெட் வாங்கியிருந்தார். எனக்கும் அவர் பக்கத்திலேயே ஒன்று. இங்கிருந்து பார்க்கும்போது எங்கள் பழைய படிகள் தூரத்தில் சின்னதாகத் தெரிந்தன. அப்பாவின் இடத்தில் யாரோ ஒரு பையன் நின்றிருந்தான். "நிக்கட்டும்" என்றார். முதல் பாதி முழுக்க அவர் அங்கேயேதான் பார்த்தார், ஆட்டத்தைக் குறைவாகவே பார்த்தார். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ஸ்டாண்டு மொத்தமும் எழுந்தது. அவரும் எழுந்தார். எழுந்த வேகத்தில் இரண்டு கையையும் முன்னால் நீட்டினார், இடுப்பளவு உயரத்தில், ஊன்றிக்கொள்ள. அங்கே ஒன்றும் இல்லை. நான் அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.